மணிக்கு, முழங்கால் மாத்திரை விஷயமாக

மணி,

இங்கே நலம். முழங்கால் மாத்திரை பற்றி நீ எழுதிய கடிதத்துக்குப் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. பெரியக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். டயாலிசிஸ் வரை போகாமல் தப்பி, இப்போது வீட்டில் மருமகளை அதட்டிக்கொண்டிருக்கிறாள். அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

அவளுடைய முழங்கால் வலிக்கு டாக்டர் ஐந்து நாளைக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை எழுதினார். நல்ல மருந்துதான், மாடிப்படி ஏற முடியாதவள் கோயிலுக்கே நடந்துபோனாள். வினையும் அங்கேதான் ஆரம்பித்தது. காலி அட்டையை மெடிக்கலில் காட்டிக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போட்டிருக்கிறாள். ஷெட்யூல் எச் மருந்து, சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை! சித்திரை வெயிலில் வயிற்றுப்போக்கு வேறு பிடித்துக்கொண்டது. சிறுநீர் குறைந்து கால் வீங்கியதும் ரத்தம் எடுத்துப் பார்த்தால், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 4, ரொம்ப அதிகம்.

உடம்பே சுரந்து வலியையும் வீக்கத்தையும் கூட்டுகிற புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாயைச் சுருங்காமல் வைக்கிறதாம். இரைப்பையின் உள்சுவரைக் காப்பதும் அதுவே. மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்து அடக்கிவிடுகிறது. அக்காவோ பிரஷருக்கு டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவள். மூன்றும் சேர்ந்து, உடம்பில் தண்ணீரும் வற்றியதும் சிறுநீரகம் படுத்துவிட்டது. “கூடவே கேஸ் மாத்திரை போட்டேனே” என்கிறாள், பாவம். அது வயிற்றைத்தான் காக்கும்.

நீலகிரியில் மாயாற்றுப் பக்கம் நீ என்னை இழுத்துக்கொண்டு அலைந்தாயே, அந்தப் பாறு கழுகுகளைக் கொன்றதும் இதே மருந்துதான். மாட்டுக்குப் போட்ட ஊசி, செத்த மாட்டின் வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைத் தின்றது. 2006-இல் கால்நடைக்குத் தடை செய்தார்கள்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். போன தடவை பஸ் ஸ்டாண்டில் டீ குடித்ததும் சட்டைப்பையிலிருந்து எடுத்து வாயில் போட்டாயே, என்னடா அது? சுந்தரம் அண்ணன் சொன்ன வலி மாத்திரை என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. நீயும் டெல்மிசார்டன் ஆசாமி. பிரஷர் மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. வலி மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். பாரசிட்டமாலும் மேலே தடவுகிற ஜெல்லும் போதுமா என்று கேள். மலம் தார் போலக் கறுத்தால் இரைப்பையில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

சனிக்கிழமை வருகிறேன். வீட்டிலுள்ள அட்டைகளை எல்லாம் எடுத்து வை, பின்னால் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிரியேட்டினினும் அதற்குள் எடுத்துவிடு.

அன்புடன்,
ராமு