பள்ளிக்கூடத்துக்கு ஒரு மொய்: மாலை வாசிப்பு வகுப்புக்கு நன்கொடை வேண்டுகிறோம்

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், துபாய் என்று பிழைப்புக்காகப் போயிருக்கிற அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சிகளுக்கும் நம் பள்ளி மேலாண்மைக் குழுவும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து எழுதுவது.

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறோம். நம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இரண்டு ஆண்டுக்கு மாலை வாசிப்பு வகுப்பு நடத்த ரூ.5,50,000 வேண்டும். குழுவில் இருக்கிற நாங்கள் எங்கள் கையிலிருந்து ரூ.62,000 போட்டிருக்கிறோம். மீதி ரூ.4,88,000-க்காகத்தான் உங்களிடம் வருகிறோம். இந்தப் பணத்தில் புதுக் கட்டடம் எதுவும் எழும்பாது. நுழைவு வளைவோ, பெயர் பொறித்த கல்லோ, தொடுதிரைப் பலகையோ வராது. படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் செலவு மட்டும்தான்.

"எட்டாவது வரைக்கும் உள்ள பள்ளிக்கூடத்தில் படிக்கத் தெரியாத பிள்ளையா?" என்று கேட்பீர்கள். 2025 ஜூன் மாதம் தலைமையாசிரியர் அனுமதியோடு 6, 7, 8 வகுப்புகளில் உள்ள 51 பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்து, மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னோம். 17 பேரால் முடியவில்லை. அதில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் பாடப் புத்தகத்திலிருந்த செய்யுளைக் கணீரென்று ஒப்பித்தான், நாங்களே அசந்துபோனோம். பிறகு நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து இது என்ன என்று கேட்டோம். அவன் முதல் வரிக்குப் போனான். உதடு அசைய, சொல் சொல்லாக எண்ணிக்கொண்டே வந்து எங்கள் விரல் இருந்த இடத்தில் நிறுத்திச் சொன்னான். சொன்னது சரிதான். அதே சொல்லை ஒரு தாளில் தனியாக எழுதிக் காட்டியபோது தெரியவில்லை. எழுத்துகள் தெரிகின்றன; 'க', 'ட', 'ம' என்று தனித்தனியாகச் சொல்கிறான். கொம்பும் காலும் சேர்ந்து வந்தால் தடுமாறுகிறான், ஒற்று வந்தால் நின்றுவிடுகிறான். இவ்வளவு கெட்டிக்காரப் பையன் ஏழு வருடமாக இதை மறைத்தே வந்திருக்கிறான்.

இதற்கு ஆசிரியர்களைக் குறை சொல்லி இந்தக் கடிதத்தை முடித்துவிடலாம். டீக்கடையில் அப்படித்தான் முடிகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பிரிவில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர். தலையை எண்ணிப் பணியிடம் தருகிறார்கள், வகுப்பை எண்ணி அல்ல. நம் பள்ளியில் 1 முதல் 5 வரை 64 பேர். அதனால் ஐந்து வகுப்புக்கு மூன்று ஆசிரியர். ஒருவர் பயிற்சிக்குப் போய், இன்னொருவர் எமிஸ் என்ற கல்வித்துறை இணையப் பதிவில் உட்கார்ந்துவிட்டால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில், ஒரே டீச்சரிடம். இன்னும் நான்கு பிள்ளைகள் தனியார் பள்ளியின் மஞ்சள் வேனில் ஏறிவிட்டால் மூன்றாவது ஆசிரியர் உபரி ஆகிவிடுவார். ஆகஸ்ட் 1 நிலவரப்படி தலை எண்ணுவார்கள், அடுத்த பணிநிரவலில் அவர் வேறு ஒன்றியத்துக்குப் போவார். ஆசிரியர் குறைந்தால் வேனுக்கு இன்னும் கூட்டம் சேரும். அரசுப் பள்ளி இப்படித்தான் சத்தமில்லாமல் கரைகிறது. யாரும் உத்தரவு போட்டு மூட வேண்டியதே இல்லை.

கொரோனா வேறு. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் 1 முதல் 8 வரை உள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை, வகுப்பறைக்குள் கால் வைக்காமலே இரண்டாம் வகுப்புக்குப் போனது. அந்தப் பிள்ளைகள்தான் இந்த 2025-26-இல் ஆறாம் வகுப்பில் இருக்கிறார்கள். அரசு சும்மா இருக்கவில்லை. 2021-இல், தன்னார்வலர்கள் மாலையில் ஊரிலேயே பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வி வந்தது. 2022-இல் சிறிய வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் முறை நல்ல முறைதான். அதன் பலன் நம் பள்ளியின் சிறிய வகுப்புகளில் தெரிகிறது. மூன்றாம் வகுப்பில் சில பிள்ளைகள் ஆறாம் வகுப்பு அண்ணனைவிட நன்றாக வாசிக்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் மாட்டியபடியே இருக்கிறார்கள்.

"எல்லாரையும் பாஸ் போட்டால் இப்படித்தான் ஆகும், ஃபெயில் போடுங்கள்" என்று சொல்பவர்கள் நம் ஊரிலும் உண்டு. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு 5, 8 வகுப்புகளில் தன் பள்ளிகளுக்கு அதைக் கொண்டுவந்தது, தமிழ்நாடு ஏற்கவில்லை. தமிழ்நாடு செய்ததுதான் சரி என்பது எங்கள் கருத்து. படிக்கத் தெரியாத பையனை அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வைத்தால், அதே பாடத்தை இரண்டாம் முறையும் புரியாமல் கேட்பான். அதற்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரமாட்டான், அவ்வளவுதான் நடக்கும். அவனுக்கு வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்டு, திக்கும் இடத்தில் திருத்துகிற ஓர் ஆள். தினமும். குறைந்தது ஒரு வருடம்.

இது நம் மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. 1991-இல் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் தொடங்கியபோது ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். பகலெல்லாம் கல் உடைத்தும் களை எடுத்தும் வந்த பெண்கள் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். கூடவே சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் படித்த பிள்ளைகள். சம்பளம் கிடையாது. அன்றைக்கு எழுத்துக் கூட்டிய அப்பத்தாக்களின் பேரப் பிள்ளைகள்தான் இன்று ஆறாம் வகுப்பில் எழுத்துக் கூட்ட முடியாமல் நிற்கிறார்கள் என்பதை நினைத்தால் எங்களுக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் வருகிறது.

இனி திட்டம். பள்ளி விட்டதும் 4.15 முதல் 5.30 வரை, பள்ளி வளாகத்திலேயே வகுப்பு. இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்களாக இருந்த நம் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் நடத்துவார்கள். ஒருவர் பி.எட். முடித்தவர், மற்றவர் பி.ஏ. தமிழ். அப்போது மாதம் ரூ.1,000 ஊக்கத்தொகைக்கு அவர்கள் செய்த வேலையை இந்த ஊரே பார்த்தது. மறுபடியும் ஆயிரம் ரூபாய்க்குக் கூப்பிட எங்களுக்கு மனம் வரவில்லை. ஆளுக்கு மாதம் ரூ.8,000 என்று பேசியிருக்கிறோம். ஆண்டுக்குப் பத்து மாதம், இரண்டு பேருக்கு ரூ.1,60,000. செலவில் பெரிய பங்கு இதுதான். "இவ்வளவு எதற்கு, சேவையாகச் செய்யக்கூடாதா?" என்று குழுவிலேயே ஒருவர் கேட்டார். தையல் மிஷினை மூடி வைத்துவிட்டு வருகிற பெண்ணிடம் சேவை கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

உட்காரப்போகிறவர்கள் மேல் வகுப்பில் அந்த 17 பேர், 3 முதல் 5 வரை பின்தங்கிய சுமார் 25 பேர். வகுப்பைப் பார்க்காமல் வாசிக்கும் நிலையைப் பார்த்துப் பிரிப்போம். ஏழாம் வகுப்புப் பையன்களை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் வெட்கப்பட்டு ஓடிவிடுவார்கள் என்பதால் பெரியவர்களுக்கு மட்டும் தனி அறை.

அந்த அறை புதிது அல்ல. பின்பக்கம் உடைந்த பெஞ்சும் பழைய விடைத்தாள் கட்டும் அடைத்துக் கிடக்கிற கான்கிரீட் அறைதான். கட்டடம் உறுதியாக இருக்கிறது; தரை பெயர்ந்திருக்கிறது, கஜா புயலில் போன ஜன்னல் கதவுகள் இன்னும் வரவில்லை. வட்டாரக் கல்வி அலுவலரிடம் அனுமதி வாங்கியாயிற்று. தரை, ஜன்னல், விளக்கு, மின்விசிறி இணைப்பு எல்லாம் சேர்த்து ரூ.40,000. பீரோ, நாற்காலி வாங்க வேண்டியதில்லை. நாம் மேளதாளத்தோடு கொண்டுபோய் வைத்த கல்விச் சீரில் வந்த பீரோக்கள் நன்றாகவே இருக்கின்றன. திறந்து பார்த்தால் உள்ளே சுவர்க் கடிகாரங்கள், பெட்டி பிரிக்காமல். (அடுத்த சீர் எடுக்கிறவர்கள் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.)

புத்தகத்துக்கு முதல் ஆண்டு ரூ.60,000, இரண்டாம் ஆண்டு ரூ.15,000. அரசின் வாசிப்பு இயக்கச் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்ற நிலைகளில் பள்ளிக்கு வந்திருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது, ஒரு புத்தகத்துக்கு நான்கு பேர் இழுக்கிறார்கள். அந்த அளவில், பெரிய எழுத்தும் படமுமாக உள்ள கதைப் புத்தகங்கள்தான் வாங்கப்போகிறோம். தலைவர்கள் வரலாறு, பொது அறிவுக் களஞ்சியம் என்று கெட்டி அட்டை போட்டவை அலமாரிக்கு அழகு. இந்தப் பிள்ளைகளுக்கு இப்போது உதவாது.

சுண்டலுக்கு ஒரு நாளைக்கு ரூ.250, ஆண்டுக்கு 180 நாள், ரூ.45,000. இதை வெட்டலாம் என்று யோசித்தோம். இந்தப் பிள்ளைகளில் பல பேர் விடியற்காலையில் அம்மாவோடு மல்லிகை பறித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறார்கள். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மதியச் சத்துணவுக்குப் பிறகு சாயங்காலம் ஐந்தரை வரை வெறும் வயிற்றில் எழுத்துக் கூட்டு என்று சொல்ல எங்களால் முடியவில்லை. சுண்டல் இருக்கட்டும்.

ஆக முதல் ஆண்டு ரூ.3,05,000, இரண்டாம் ஆண்டு ரூ.2,20,000, எதிர்பாராத செலவுக்கு ரூ.25,000.

பள்ளிக்கு வரும் அரசு மானியத்தில் இதைச் செய்ய முடியாதா என்று கேட்டால், 101 முதல் 250 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா பள்ளிக்கல்வித் திட்ட விதிப்படி ஆண்டுக்கு ரூ.50,000 வரைதான். அதிலும் பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. சாக்பீஸ், பினாயில், குழாய் ரிப்பேர் போக மிச்சம் கிடையாது. அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25-க்குச் சேர வேண்டிய ரூ.2,152 கோடியை, பி.எம். ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லை என்று ஒன்றிய அரசு நிறுத்திவைத்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதில் எங்களுக்கும் கருத்து உண்டு. ஆனால் தீர்ப்பு வரும்வரை எட்டாம் வகுப்புப் பிள்ளை எட்டாம் வகுப்பிலேயே காத்திருக்காது. ஊராட்சியிடம் கேட்கலாமென்றால், 2025 ஜனவரியோடு உறுப்பினர்கள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்தான் இருக்கிறார்.

ஊருக்கு என்ன வரும் என்று கணக்குப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு வருடத்துக்கு ஆண்டுக்கு ரூ.12,000, மொத்தம் ரூ.48,000 பிள்ளையின் கணக்குக்கே வரும். மனத்திறன் கேள்விகளில் நம் பிள்ளைகள் சோடை போகிறவர்கள் இல்லை; வாயால் கேட்டால் சட்டென்று பதில் சொல்கிறார்கள். கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. மேலே போனால் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு, கல்லூரி உதவித்தொகைக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று கதவுகள் திறந்துதான் இருக்கின்றன.

கொடுக்கும் முறை: பணம் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்குக்கு மட்டும். கணக்கு எண் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது; வெளியூரில் இருக்கிறவர்கள் வீட்டில் உள்ளவர்களை அனுப்பிப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். குழு உறுப்பினர் யாருடைய சொந்தக் கைப்பேசி எண்ணுக்கும் ஜி-பேயில் போட வேண்டாம், அது தலைவியாகவே இருந்தாலும் சரி. ரசீது உண்டு. வருமான வரிக்கான 80ஜி சான்று எங்களால் தர முடியாது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமக்கள் தங்கள் வங்கி வழியாக அனுப்பலாம். சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் பள்ளிக்குச் சிக்கல் வரும். ஊருக்கு வரும்போது ஒரு சாயங்காலம் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிப்பதைக் கேளுங்கள்.

ரொக்கமாகத் தருகிறவர்களுக்கு ஆவணி 1, ஆகஸ்ட் 17 ஞாயிறு காலை பள்ளி வாசலில் மேசை போடுகிறோம். மொய் விருந்து சீசன் என்பதால் கையில் காசு புழங்கும் நேரம் இதுதான் என்று எங்களுக்கும் தெரியும். அதே மாதிரி நோட்டுப் போட்டுப் பெயர், தொகை எழுதுவோம். ஐம்பது ரூபாய்க்கும் ஒரு வரி, ஐம்பதாயிரத்துக்கும் ஒரு வரி. ஒரே வித்தியாசம், இந்த மொய்யை யாரும் திருப்பிச் செய்ய மாட்டார்கள். ஃப்ளெக்ஸ் கிடையாது, விருந்தும் கிடையாது.

வரவு செலவை அக்டோபர் 2, ஜனவரி 26, மே 1 கிராம சபைகளில் வாசிப்போம். ஜூனில் எடுத்த அதே வாசிப்புச் சோதனையை ஜனவரியிலும் ஏப்ரலிலும் எடுத்து, எத்தனை பேர் தேறினார்கள் என்பதையும் பெயர் சொல்லாமல் வாசிப்போம். தேறவில்லை என்றாலும் வாசிப்போம். வகுப்பு, காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்றே தொடங்கும். முழுத் தொகை சேரவில்லையென்றால் சேர்ந்த மட்டில் ஓராண்டு நடத்துவோம். அதற்கும் போதாவிட்டால் சுண்டலையும் இரண்டு பேர் சம்பளத்தையும் வைத்துக்கொண்டு அறை வேலையைத் தள்ளிப்போடுவோம், மரத்தடி இருக்கிறது.

பணம் தர வசதிப்படாதவர்கள் பரணில் கிடக்கும் பழைய சிறுவர் இதழ்களை எடுத்து வந்து மேசையில் கொடுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கரையான் அரிக்காமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவும் முன்னாள் மாணவர்களும்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, புதுக்கோட்டை மாவட்டம்