அந்த வசனம் அந்தத் தொடரில் இல்லை: வினாடி வினாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கும் நடுவர் பெருமக்களுக்கும்,

வணக்கம். 'ஸ்டார் ட்ரெக்' என்ற பழைய அமெரிக்க விண்வெளிக் கப்பல் தொலைக்காட்சித் தொடரைப் பற்றிக் கடந்த மாதம் கோவையில் நீங்கள் நடத்திய வினாடி வினாவின் மூன்றாம் சுற்றில் நடந்ததை நான் இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மேடையில் இருந்தவர்கள் நீங்கள், கீழே இருந்தவர்கள் நாங்கள். மறுநாளே எழுத்து மூலம் முறையிட்டோம். மனுவின் நகலில் 'பெறப்பட்டது' என்ற முத்திரையும் தேதியும் பதிந்து கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. அதன் பின் இருபத்து நான்கு நாள்கள் ஓடிவிட்டன. தொலைபேசியில் கேட்டபோது, "விடைத்தாளில் அப்படித்தான் இருக்குதுங்க, நடுவர் தீர்ப்பே இறுதியானதுங்க" என்ற ஒரே பதில் இரண்டு முறை கிடைத்தது. ஆகவேதான் ஊர் அறிய எழுத நேர்ந்தது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அந்தக் கேள்விக்கு உங்கள் விடைத்தாளில் இருந்த விடை தவறு என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டு, கொடுக்காமல் விட்ட பத்து மதிப்பெண்ணையும் கழித்த ஐந்து மதிப்பெண்ணையும் எங்கள் அணியில் பதில் சொன்ன எட்டாம் வகுப்புச் சிறுமியின் கணக்கில் திருப்பி எழுத வேண்டும்.

'ஸ்டார் ட்ரெக் தொடரில் கப்பல் தலைவர் கிர்க், பொறியாளர் ஸ்காட்டியிடம் அடிக்கடி சொல்லும் புகழ்பெற்ற வசனம் எது?' என்பது கேள்வி. 'பீம் மீ அப், ஸ்காட்டி', அதாவது 'என்னை மேலே கப்பலுக்கு எடுத்துக்கொள், ஸ்காட்டி' என்பது உங்கள் விடை. உலகம் முழுவதும் சட்டைகளிலும் கோப்பைகளிலும் அச்சாகி விற்கும் வரி அது, மறுக்கவில்லை. ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹனே 1996-இல் வெளிவந்த தன் வாழ்க்கை நூலுக்கு அதைத்தான் தலைப்பாக வைத்தார். ஆனால் 1966 செப்டம்பர் 8 முதல் 1969 ஜூன் 3 வரை என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அந்தத் தொடரின் 79 கதைகளில் ஒன்றில்கூட, அந்தச் சொற்கள் அந்த வரிசையில் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. 'எங்களை எடுத்துக்கொள்' என்ற பொருளில் 'பீம் அஸ் அப்' வருகிறது, 'கருவியை இயக்கு' என்ற பொருளில் 'எனர்ஜைஸ்' வருகிறது, 'மிஸ்டர் ஸ்காட்' என்ற விளி வருகிறது. மிக அருகில் வருவது 'ஸ்காட்டி, பீம் மீ அப்' என்பது. அதுவும் 1986-இல் வெளியான நான்காவது திரைப்படத்தில், சொற்கள் இடம் மாறி. நீங்கள் கேட்டதோ தொடரைப் பற்றி.

இதைத்தான் அந்தப் பெண் மேடையில் சொன்னாள். ஒலிவாங்கியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "இல்லைங்க சார், அந்த வசனம் தொடர்ல ஒரு இடத்துலயும் வரலைங்க" என்றாள். அவளிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வினா கேட்டவர் அரங்கத்தைப் பார்த்துச் சிரித்து, "ஏன் அம்மிணி, ஊருக்கே தெரிஞ்ச வசனம் உனக்கு மட்டும் தெரியாதா?" என்றார். அரங்கமும் சிரித்தது. அவளுக்கு இணையாக மேடையில் அமர்ந்திருந்தவர் அவளுடைய அப்பிச்சி. நாற்பது ஆண்டுகள் நூற்பாலையில் ஃபிட்டராக, ஸ்பின்னிங் பிரேம்களின் இரைச்சலுக்கு நடுவில் வேலை பார்த்தவர்; இரண்டு காதும் ஏறக்குறைய போய்விட்டது. கூட்டம் சிரிப்பதைக் கண்ட அவர், பேத்தி ஏதோ சரியாகச் சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, சபையைப் பார்த்துத் தானும் சிரித்தபடி கை தட்டினார். அவர் தட்டுவதை அவள் திரும்பிப் பார்த்தாள். அதன் பிறகு வந்த நான்கு கேள்விகளுக்கு அந்த அணியிலிருந்து பதிலே வரவில்லை. முடிவில் பத்து மதிப்பெண் வித்தியாசத்தில் இரண்டாமிடம். நீங்கள் கழித்த ஐந்தையும் கொடுக்காத பத்தையும் கூட்டிப் பார்க்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் அவளுடைய மாமா அனுப்பிய குறுந்தகடுகளை அப்பிச்சியோடு உட்கார்ந்து, அவருக்காகக் கீழே எழுத்து ஓடவிட்டு, முதல் கதையிலிருந்து கடைசிக் கதைவரை பார்த்திருக்கிறாள். கோடு போட்ட ஒரு பள்ளி நோட்டில் அடிக்கோல் வைத்து நான்கு கட்டங்கள் பிரித்திருக்கிறாள்: கதையின் எண், கப்பலுக்குத் திரும்பக் கேட்பவர், அவர் சொன்ன சொற்கள் அப்படியே, எழுத்து ஓடும் நிமிடம். நடுப்பக்கத்தில் டீக்கறை ஒன்று உண்டு, அது என்னால் வந்தது. நாங்கள் மனு கொடுக்க வந்த அன்று அந்த நோட்டை ஒரு மஞ்சப்பையில் வைத்துக் கொண்டுவந்தோம். அலுவலகத்தில் இருந்தவர் பையைப் பார்த்தார், நோட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை.

நாங்கள் யார் என்ற கேள்வி எழலாம். எங்களுக்குப் பெயரும் கிடையாது, பதிவு எண்ணும் கிடையாது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரு பேக்கரியின் வாசல் பெஞ்சில் டீயும் வர்க்கியுமாகக் கூடும் ஏழெட்டுப் பேர். பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் வியாபாரி ஒருவர் வருகிறார், திருப்பூரிலிருந்து கட்டிங் மாஸ்டர் ஒருவர் வருகிறார். எண்பதுகளில் தூர்தர்ஷன் இந்தத் தொடரை ஞாயிறு காலைகளில் ஒளிபரப்பியபோது, தெருவில் ஒரே வீட்டிலிருந்த பெட்டியின் முன்னால் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் உட்கார்ந்திருந்த பையன்கள் நாங்கள். ஒருவர் ஒரு துணுக்கைச் சொல்வார், மற்றவர் அதை மறுப்பார் அல்லது ஒரு படி மேலே போவார். எங்கள் விதி ஒன்றே ஒன்று: தப்பாகச் சொன்னவர் அன்றைய டீக்காசு கொடுக்க வேண்டும். தொடர் தொடங்கும் முன் மாதிரிக்காக எடுத்த இரண்டாவது முன்னோட்டக் கதையில் வரும் கல்லறைக் கல்லில் 'ஜேம்ஸ் டி. கிர்க்' என்று இருக்கும் என்று ஒருமுறை நான் அடித்துச் சொன்னேன். அதில் 'ஜேம்ஸ் ஆர். கிர்க்' என்றுதான் இருக்கிறது. பெயரின் நடு எழுத்து அதற்குப் பிறகுதான் மாறியது. அன்று எட்டு டீ, ஆறு வர்க்கி. என் தப்பைச் சுட்டிச் சொன்னவள் இதே சிறுமி.

நீங்கள் கேட்ட அந்த வசனம் பிறக்கக் காரணமான கருவியைப் பற்றியே எங்கள் பெஞ்சில் எத்தனையோ காலைகள் போயிருக்கின்றன. கப்பலை வாராவாரம் ஒரு கிரகத்தில் இறக்கி ஏற்றிக் காட்டப் படப்பிடிப்புச் செலவு தாங்காது என்பதால்தான், ஆளை நின்ற இடத்திலேயே கரைத்து இன்னோர் இடத்தில் சேர்க்கும் உத்தியைத் தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் குழுவினர் கொண்டுவந்தார்கள். சிக்கனத்தில் பிறந்த அறிவியல் என்பதால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். முதலில் ஒளிபரப்பான 'தி மேன் ட்ராப்' கதையில் உடம்பின் உப்பை உறிஞ்சும் பிராணி வருகிறது. அதற்காக விநோத வடிவங்களில் உப்புக் குடுவைகளை வாங்கிவந்து, பார்ப்பவர்களுக்கு அவை உப்புக் குடுவை என்றே புரியாது என்று ஒதுக்கி, பிறகு அவற்றை மருத்துவர் மெக்காயின் கருவிகளாக்கிவிட்டார்கள். ஸ்காட்டியாக நடித்த டூஹனுக்கு வலக்கையில் நடுவிரல் கிடையாது. 1944-இல் நார்மண்டிக் கரையில் கனடியப் படைவீரராக இறங்கிய நாளில் குண்டடிபட்டு இழந்தது. தொடரில் அந்தக் கை பெரும்பாலும் கேமராவுக்கு மறைவாகவே இருக்கும். எங்கள் ஃபிட்டர் பெரியவரும் மிஷினில் ஒரு விரல் நுனியைக் கொடுத்தவர் என்பதால், ஸ்காட்டி திரையில் வரும்போதெல்லாம் முகத்தைப் பார்க்காமல் கையைத்தான் தேடுவார்.

இவ்வளவு நுணுக்கம் ஒரு பழைய தொடருக்குத் தேவையா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைக்கலாம்தான், ஆனால் அந்தத் தொடரைத் தலைப்பாக வைத்து, ஒரு மாதம் முன்பே அறிவித்து, நுழைவுக் கட்டணமும் வாங்கியவர்கள் நீங்கள். நான் முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் நூலின் கவுண்ட், அதாவது அதன் பருமனைக் குறிக்கும் எண், பார்த்தவன். பெட்டி மேல் நாற்பது என்று எழுதிவிட்டு உள்ளே முப்பத்தாறாம் கவுண்ட் கோன்களை வைத்து அனுப்பினால், திருப்பூர்க்காரர் மறு வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். 'பெட்டி மேல் எழுதியிருப்பதே இறுதியானது' என்று அவரிடம் சொல்லிப் பார்க்கும் துணிச்சல் எங்கள் முதலாளிக்கு இருந்ததில்லை. ஒரு நூல் பிசகினாலும் மோட்டார் ஓடாது என்று பட்டறைக்குப் பட்டறை சொல்லிக்கொடுக்கும் இந்த ஊரில், அறிவை அளக்கும் மேடையில் மட்டும் அளவுகோல் இவ்வளவு தளர்ந்து கிடக்கலாமா? கைப்பேசியில் வந்து விழும் வரிகளை வெட்டி ஒட்டிக் கேள்வித்தாள் தயாரிப்பதும், சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்காமல் அவருக்கு ஆறு பொன்னாடை போர்த்துவதும், நேரமில்லை என்று மறுப்புக்கு வாய்ப்பளிக்கும் சுற்றை மட்டும் ரத்து செய்வதும் இப்போதெல்லாம் வழக்கமாகிவிட்டன. ஆறாவது பொன்னாடைக்கு ஆன நேரத்தில் அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் படித்திருக்கலாம். கோபத்தில் சற்று விலகிவிட்டேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நல்லதைச் சொல்லாமல் விடுவதும் முறையாகாது. மொத்தக் கதைகள் எத்தனை என்ற கேள்விக்கு எங்கள் அணி 79 என்றது, மதிப்பெண் தந்தீர்கள். ஆனால் ஈரோட்டிலிருந்து வந்த அணி 80 என்று சொன்னதற்கு ஐந்து கழித்தீர்கள். 1964-இன் இறுதியில் படமாகி, தொலைக்காட்சி நிறுவனம் வேண்டாமென்று திருப்பிய முதல் முன்னோட்டமான 'தி கேஜ்' கதையையும் சேர்த்தால் 80 வரும். அதன் காட்சிகளை 1966 நவம்பரில் இரண்டு பாகக் கதை ஒன்றினுள் வைத்துத் தைத்தார்கள். முழுதாக அது தொலைக்காட்சியில் வந்தது 1988-இல்தான். ஈரோட்டுப் பிள்ளைகள் அதை எண்ணிச் சொன்னார்களா, குத்துமதிப்பாகச் சொன்னார்களா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர்களுக்காகவும் சேர்த்தே கேட்கிறோம்.

மடல் எழுதுவதால் என்ன ஆகிவிடும் என்று எங்கள் பெஞ்சிலேயே ஒருவர் கேட்டார். இந்தத் தொடரைப் பொறுத்தவரை நிறைய ஆகியிருக்கிறது. இரண்டாம் ஆண்டோடு நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, ரசிகர்களான ட்ரிம்பிள் தம்பதியர் முன்னின்று நடத்திய இயக்கத்தில் ரசிகர்கள் குவித்த கடிதங்களுக்குப் பிறகு, 1968 மார்ச்சில் என்.பி.சி. தன் ஒளிபரப்பிலேயே தொடர் நீடிக்கும் என்று அறிவித்தது. மூன்றாம் ஆண்டை வெள்ளி இரவு பத்து மணிக்குத் தள்ளிவிட்டார்கள் என்பது வேறு கதை. 1976-இல், நாசாவின் முதல் விண்ணோடத்துக்கு வேறு பெயர் முடிவாகியிருந்த நிலையில், ரசிகர்களின் கடிதங்களைக் கண்டு அமெரிக்க அதிபர் ஃபோர்டு 'என்டர்பிரைஸ்' என்று மாற்றச் சொன்னார். ஒரு நாட்டின் அதிபர் விண்ணோடத்தின் பெயரையே மாற்றியிருக்கிறார். நாங்கள் கேட்பது பதினைந்து மதிப்பெண்.

கேடயமும் பரிசுத் தொகையும் வென்ற அணியிடமே இருக்கட்டும். அந்தப் பிள்ளைகள் ஒரு தவறும் செய்யவில்லை. எங்களுக்கு மேடை வேண்டாம், அறிவிப்பு விழா வேண்டாம், பொன்னாடை அறவே வேண்டாம். உங்கள் குழுவின் தாளில், உங்கள் கையொப்பத்தோடு, 'மூன்றாம் சுற்றில் நீ சொன்ன பதில் சரி, எங்கள் விடை தவறு, மதிப்பெண் திருத்தப்பட்டது' என்று அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தால் போதும். எழுத்துக்கள் கொஞ்சம் பெரியதாக இருந்தால் அவளுடைய அப்பிச்சியும் கண்ணாடி இல்லாமல் படித்துக்கொள்வார். அன்று தான் எதற்குக் கை தட்டினார் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. மூன்று ஞாயிறுகளாக அவள் பெஞ்சுக்கு வரவில்லை. பெரியவர் மட்டும் வருகிறார், பரீட்சைக்குப் படிக்கிறாள் என்கிறார்.

மனுவைக் கண்ணுற்று, தவறான விடையைத் திருத்தி ஆவன செய்யுமாறு மிகுந்த பணிவோடு மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். நோட்டைப் பார்க்க வேண்டுமென்றால் எந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கும் நீங்கள் நேரில் வரலாம். பேக்கரியின் முகவரி மனுவிலேயே இருக்கிறது. டீக்காசு யார் கொடுப்பது என்பதை நோட்டைப் பார்த்து முடித்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள,
பெஞ்சுக்காரர்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற நூற்பாலைச் சோதனைக்கூட ஊழியன்,
கோயம்புத்தூர்