திகதியில்லாத வெள்ள அறிவித்தல்கள்

ஆசிரியருக்கு,

மாரிகால அறிவித்தல்கள் வட்ஸ்அப் குழுக்களில் குவிவது பற்றிய தங்கள் செய்தி கண்டேன். இங்கு பெரிய ஆபத்து, திகதியின்றிப் பரவும் தகவலே. மட்டக்களப்பு மாவட்டத்திலுள்ள உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படுவதாக முன்னைய ஆண்டுகளில் வந்த படங்கள் மாரிதோறும் மீண்டும் சுற்றுகின்றன. திகதி வெட்டுப்பட்ட படத்தைக் கண்டு ஏமாந்தவர்கள் உண்மையான எச்சரிக்கையையும் திறந்து பார்ப்பதில்லை. உயிர் போவது அங்கேதான். இரட்டை அம்புக்குறியுள்ள செய்தி பல கைமாறி வந்தது. அதைப் பகிருமுன் 117 என்ற தொலைபேசி இலக்கத்தில் இடர் முகாமைத்துவ நிலையத்திடம் கேட்கலாம்.

பிரதேச செயலகங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு ஒரு குழு அமைத்து, அட்மின் மட்டுமே பதிவிடச் செய்யவேண்டும். அறிவித்தல் படமாகவன்றி எழுத்தாக வரட்டும். முதல் வரியிலேயே திகதி, நேரம், எதுவரை செல்லுபடி என்பன இருக்கட்டும். மற்றக் குழுக்களை மழை முடியும்வரை மியூட் செய்யலாம்.

வாசகர்,
வவுணதீவு.