மருந்துச் சோதனைக் காப்பீடு: தொகை எவ்வளவு, எந்தத் தேதி வரை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்துச் சோதனையில் பங்கேற்போருக்குக் காப்பீடு உண்டு என்று சென்ற வாரக் கட்டுரை ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிட்டது. அந்த வரியைத் தாண்ட முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியன். ஒரு மருத்துவமனையில் இத்தகைய சோதனைகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில், மருத்துவம் படிக்காத உறுப்பினர் என்ற இடம் எனக்கு. கூட்டத்துக்கு வரும் கோப்பு தலையணை கனம் இருக்கும். காப்பீட்டுப் பத்திரம் அதன் அடியில், மங்கலான நகலாகக் கிடக்கும். நான் அங்கிருந்துதான் புரட்டத் தொடங்குவேன்.

சென்ற ஆண்டு வந்த கோப்பு ஒன்று, நோயில்லாதவர்களுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனை. பத்திரத்தில் ஒருவருக்கு 25 லட்சம் ரூபாய் வரை என்றிருந்தது. மருந்துச் சோதனைக்கான இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு விதிகளில் உயிரிழப்பு இழப்பீட்டுக்குச் சூத்திரமே உண்டு: 8 லட்சத்தை வயதுக்கான எண்ணாலும் உடல்நிலைக்கான எண்ணாலும் பெருக்கி, 99.37ஆல் வகுக்க வேண்டும். நாற்பது வயதுக்கு எண் 184.17, நோயில்லாதவருக்கு 4. போட்டுப் பார்த்தேன், 59 லட்சத்துக்கு மேல் வந்தது. பத்திரம் பாதிக்குக்கூடக் காணாது. போதாக்குறைக்கு, சோதனை டிசம்பர் வரை. பத்திரமோ மார்ச்சிலேயே காலாவதி.

“மீதியை மருந்து நிறுவனம் கொடுக்கும், சட்டப்படி பொறுப்பு அவர்களுடையதுதானே” என்றார் சோதனையை நடத்தும் ஆய்வாளர். சரிதான். ஆனால் கொடுப்பதற்கு நிறுவனம் இருக்க வேண்டுமே! 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்து செலுத்தப்பட்ட ஆறு பேரும் ஒரு நாளுக்குள் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். அந்த மருந்தை உருவாக்கிய ஜெர்மன் நிறுவனம் டெஜெனெரோ அதே ஆண்டில் திவாலானது. ஜெர்மனியிலோ உயிரிழப்புக்கும் நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போவதற்கும் ஒருவருக்குக் குறைந்தது 5 லட்சம் யூரோ காப்பீடு இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

பங்கேற்பவர் கையெழுத்திடும் தமிழ் ஒப்புதல் படிவத்தில் “காப்பீடு செய்யப்பட்டுள்ளது” என்பதோடு சரி. அதைப் படித்த ஒருவர், தம் அம்மாவின் கண் அறுவைக்கும் இது செல்லுமா என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாட்டில் காப்பீடு என்றால் அட்டைதானே! தொகை, காலாவதித் தேதி இரண்டையும் படிவத்திலேயே அச்சிட வேண்டும். புதுப்பித்த நகல் வராவிட்டால் புதிதாக ஆள் சேர்ப்பதை அன்றே நிறுத்த வேண்டும்.

அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்பினோம். மூன்றே வாரத்தில் தொகையை உயர்த்தி, டிசம்பர் தாண்டியும் செல்லும் பத்திரம் வந்துவிட்டது. படிவத்தில் மட்டும் அதே பழைய வரி. சிவப்பு மையால் வட்டமிட்டு மறுபடி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி