கோட்டுக்குக் கீழே உள்ள எண்

கணையப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் அறுவை மருத்துவர்களுக்கும், வெட்டி எடுத்த திசுவை ஆராயும் நோய்க்குறியியல் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். கணையத்தின் தலைப்பகுதியில் வந்த கட்டிக்காக என் தந்தைக்கு விப்பிள் அறுவைச் சிகிச்சை (கணையத்தின் தலைப்பகுதியையும் அதை ஒட்டிய குடல் பகுதியையும் அகற்றுவது) நடந்தது. திசு ஆய்வு அறிக்கை வந்ததும் நாங்கள் தேடிப் படித்தது ஒரே வரியைத்தான். "நிணநீர்க் கணுக்கள்: 0/5." புற்றுநோய் முதலில் பரவக்கூடிய சிறு முடிச்சுகள் அவை; மேலே உள்ளது நோய் கண்டவற்றின் எண்ணிக்கை, கீழே உள்ளது ஆராய்ந்தவற்றின் எண்ணிக்கை. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து அம்மா அழுதேவிட்டார். கோட்டுக்குக் கீழே இருந்த ஐந்தை யாரும் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தியிருந்தாலும் எங்களுக்கு விளங்கியிருக்காது. உங்களுக்கு விளங்கும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போனோம். அவர் அந்த ஐந்தின் மேல் விரலை வைத்தார். "கணுக்களில் நோய் இல்லை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பார்த்த ஐந்தில் இல்லை, அவ்வளவுதான்" என்றார்.

பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். புற்றுநோயின் நிலையை வகுக்க மருத்துவர்கள் பின்பற்றும் ஏஜேசிசி (AJCC) கையேட்டின், 2018 முதல் நடைமுறையில் உள்ள எட்டாம் பதிப்பு, நோயுள்ள கணுக்களின் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கிறது. 1 முதல் 3 வரை என்றால் என்1 (N1) என்ற பிரிவு, 4 அல்லது அதற்கு மேல் என்றால் என்2 (N2). கட்டி எவ்வளவு சிறியதானாலும் என்2 வந்துவிட்டால் மூன்றாம் நிலை. குறைந்தது 12 கணுக்களையாவது ஆராயச் சொல்கிறது அதே பதிப்பு. கணைய அறுவை வல்லுநர்களின் பன்னாட்டுக் குழு 2014இல் 15 என்றது. மூன்றே கணுக்களைத் தேடி எடுத்தால், மூன்றிலும் நோய் இருந்தாலும் அந்த நோயாளி என்1இல்தான் நிற்பார். நோய் குறைவு என்பதாலா? தேடியது குறைவு என்பதால். 1/4 என்பதும் 1/24 என்பதும் காகிதத்தில் ஒரே பிரிவு. உடலுக்குள் ஒன்றாக இருக்குமா என்ன?

அதிகமாக வெட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. நிணநீர்க் கணுக்களை வழக்கத்தைவிட விரிவாக அகற்றிப் பார்த்த, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வுகளில் நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை என்பதையும் படித்தேன். வெட்டி எடுத்ததில் முழுமையாகத் தேடுங்கள் என்பதுதான் கோரிக்கை. சில மில்லிமீட்டர் அளவுள்ள கணுக்களைக் கொழுப்புக்குள் விரலால் தடவித் தடவிக் கண்டுபிடிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை என்று அறிவேன். அறுவைக்கு முன்பே கீமோதெரபி எடுத்தவர்களிடம் அவை இன்னும் சுருங்கியிருக்கும். ஆனாலும் எங்கள் வீட்டில் அந்த வேலையின் அளவை வைத்துத்தான் எல்லாம் தீர்மானமாயிற்று.

அறுவைக்குப் பிறகு கீமோதெரபி வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது அப்பா மறுத்துவிட்டார். "பூஜ்யம் என்றுதானே போட்டிருக்கிறது?" உடல் தாங்குமென்றால் கணுக்களில் நோய் இல்லாதவர்களுக்கும் அந்த மருந்து தரப்படுகிறது என்று எவ்வளவோ விளக்கினோம். கேட்கவில்லை. பூஜ்யத்தை எதிர்த்து வாதாடுவது எளிதன்று.

நல்லவேளையாக, கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் இருந்த மீதித் திசுவை ஆய்வகம் அப்போது கொட்டியிருக்கவில்லை. மீண்டும் தேடியபோது 9 கணுக்கள் கிடைத்தன. இரண்டில் நோய். 0/5 என்பது 2/14 ஆயிற்று. அப்பா அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எப்போது தொடங்குகிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். அறுவை முடிந்த பத்தாவது வாரத்தில் முதல் மருந்து ஏறியது.

நோயுள்ள கணு என்பதை மரண ஓலையாகவும் எங்களிடம் நீட்டாதீர்கள். அறுவை செய்துகொள்பவர்களில் பெரும்பாலோருக்குக் கணுக்களில் நோய் இருக்கத்தான் செய்கிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவைக்குப் பின் மாற்றியமைக்கப்பட்ட ஃபோல்ஃபிரினாக்ஸ் (பல மருந்துகள் சேர்ந்த கீமோதெரபி) பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம்) 54.4 மாதம், ஜெம்சிடபின் என்ற ஒற்றை மருந்து பெற்றவர்களுக்கு 35 மாதம். அந்த ஆய்வில் இருந்தவர்களிலும் முக்கால்வாசிப் பேர் கணுக்களில் நோய் கண்டவர்களே.

கிடைத்த கணுக்கள் 12க்குக் குறைந்தால் அதை அறிக்கையில் ஒரு வரியாக எழுதுங்கள். மறுபடி தேடினீர்களா என்பதையும் சேர்த்து. அந்த வரி எழுதப்படும் வரை திசு இருக்கும் ஜாடியைக் கொட்ட வேண்டாம். அறிக்கையை எங்கள் கையில் கொடுக்கும் அறுவை மருத்துவர், மேலே உள்ள எண்ணைச் சொல்லும்போதே கீழே உள்ளதையும் வாய்விட்டுச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்