ஒருவர் கட்சி விட்டால் சபையே மாறும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் யார் தலைமை என்பதை ஆளின் திறமை தீர்மானிப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள், அங்கே தலை எண்ணிக்கைதான் எல்லாம். 2001-இல் இரு கட்சிக்கும் சரிபாதி, 50-50. சமநிலை வந்தால் முடிவு செய்யும் ஓட்டு அக்கட்சியின் துணை அதிபர் டிக் செனியிடம் இருந்ததால் சபை குடியரசுக் கட்சியின் கையில். அப்புறம் வெர்மான்ட் செனட்டர் ஜிம் ஜெஃபர்ட்ஸ் குடியரசுக் கட்சியை விட்டு சுயேச்சையாகி, ஜனநாயகக் கட்சியினரோடு போய்ச் சேர்ந்தார். அவ்வளவுதான். நடுவில் தேர்தலே இல்லை, ஜூன் மாதம் பெரும்பான்மைத் தலைவர் பதவி டிரென்ட் லாட்டிடமிருந்து டாம் டாஷலுக்குப் போனது, குழுத் தலைவர் நாற்காலிகளும் கை மாறின, 98 வயது ஸ்ட்ராம் தர்மண்டின் தற்காலிக அவைத் தலைவர் பதவிகூட ராபர்ட் பேர்டுக்கு! கட்சித் தாவல் தடைச் சட்டம் அங்கே கிடையாது, அதனால் ஜெஃபர்ட்ஸின் இடம் பறிபோகவில்லை. சுற்றுச்சூழல் குழுவின் தலைவராகவும் ஆனார். இதைக் கைம்மாறு என்று சொன்னால் தப்பா?

- வாசகர், திருச்சி