செயலாளரின் ஆண்டறிக்கை: கரையிலிருந்து சுழியோடிப் படமெடுப்போர், திருகோணமலை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வாடைக்காற்று தொடங்கிவிட்டது. கடல் கலங்கிக் கிடக்கிறது, இனிச் சித்திரை வரை நமக்குத் தண்ணீரில் வேலை இல்லை. கமராப் பெட்டியைக் கழுவிக் காயவைத்துவிட்டு இந்த அறிக்கையை எழுதுகிறேன்.

சென்ற பொதுக்கூட்டத்தில் எடுத்த முடிவு நினைவிருக்கும். புறாத்தீவுக்குப் படகு பிடிப்பதைக் குறைத்து, டச்சுக் குடாவில் கோட்டைப் பக்கமுள்ள கற்களுக்கே திரும்பத் திரும்பப் போவது என்று தீர்மானித்தோம். சிலருக்கு அது பிடிக்கவில்லை. புறாத்தீவில் முருகைக்கல்லும் சுறாவும் இருக்க, இடுப்பளவு தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். முதல் சில நாட்கள் என்னிடமும் பதில் இருக்கவில்லை. கல், பாசி, மணல், அவ்வளவுதான் தெரிந்தது.

கச்சான் எழும்புமுன் விடியற்காலையில் இறங்குவோம். நாலாவது ஐந்தாவது தடவைதான் கண் பழகியது. பாசிக்குள் விரல்நுனி அளவு கடல்முயல்கள், அதாவது பாசி தின்னும் ஒருவகைக் கடல் நத்தைகள், ஊர்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே கண்ணாடிபோல் வெளிறிய உடம்பில் செம்மஞ்சள் புள்ளிகளோடு ஓடில்லாத நத்தை ஒன்று. பக்கத்தில் மஞ்சள் நூல்பந்துபோல அதன் முட்டைகள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் பெயர் கண்டுபிடித்தோம்: ஜிம்னோடோரிஸ் சிலோனிக்கா. கடல்முயலைத் தின்று வாழ்வது. இரை இருந்த இடத்திலேயே அதுவும் இருந்தது, அதைத் தேடி வேறெங்கும் போகவேண்டியிருக்கவில்லை.

1858இல் அதற்குப் பெயர் வைத்தவர் கெலார்ட், இலங்கையில் பிறந்த மருத்துவர். தம்பலகாமத்துச் சிப்பியைப் பற்றி அறிக்கை எழுதியவரும் அவரே. நம் தீவின் பெயரைச் சுமந்த பிராணி, கோணேசர் கோயில் மணி கேட்கும் தூரத்தில் முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது. அன்று கரையேறியபோது யாருக்கும் பேச்சு வரவில்லை. இந்த ஆண்டின் பெரிய செய்தி என்றால் எனக்கு அதுதான்.

படமெடுப்பதில் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். ஆழம் குறைந்தால் வேலை சுலபம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் நேர்மாறு. மேற்பரப்பிலிருந்து பத்து மீற்றர் இறங்குவதற்குள் அழுத்தம் இரட்டிப்பாகிறது. அதனால் மேல்மட்டத்தில் ஒரு மூச்சு கூடினாலே உடம்பு கிளம்பிவிடும். போதாததற்கு அலை முன்னும் பின்னும் இழுக்கும். நாங்கள் கண்ட வழி இது: குவியத்தை ஒரே தூரத்தில் பூட்டிவிட்டு, அலை நம்மை அருகே கொண்டுபோகும் கணத்தில் அழுத்துவது. பத்துக்கு ஒன்று தேறும். லென்ஸின் துவாரத்தை எஃப் 16க்குக் குறைத்தால் நத்தையின் கொம்பும் செவுளும் சேர்ந்து தெளிவாக விழும், ஆனால் பிளாஷ் கட்டாயம். பிளாஷை லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் மிதக்கும் மணல் துகளெல்லாம் வெள்ளைப் புள்ளியாகிவிடும். பிளாஷைத் தாங்கும் கையை அகல விரித்துப் பக்கவாட்டில் பிடியுங்கள்.

ஒரு கமராவுக்குள் தண்ணீர் புகுந்தது. பெட்டியின் மூடியில் தண்ணீரைத் தடுக்கும் இரப்பர் வளையத்தில் ஒட்டியிருந்த ஒரேயொரு தலைமுடிதான் காரணம். பெட்டியை மூடுமுன் டோர்ச் அடித்துப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கசப்பான விடயம் ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஆவணியில் காட்டப்பட்ட அந்த நத்தையின் படம் ஒன்று மிக அழகாக இருந்தது. பின்புலம் நன்றாக இருக்கவேண்டும் என்று அந்தப் பிராணியைக் குச்சியால் தூக்கி வேறு கல்லில் வைத்தே அதை எடுத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அது இரையோடும் முட்டையோடும் இருந்த இடம், அலையில் பிடிவிட்டால் திரும்பி வர அதனால் முடியாது. நீண்ட வாக்குவாதத்துக்குப் பின், நகர்த்தி எடுத்த படம் எதையும் காட்சிக்கு வைப்பதில்லை என்று செயற்குழு முடிவு செய்தது. நான் அதற்கு முழு மனதோடு கையெழுத்திட்டேன். படமெடுத்தவர் இன்னமும் நம்மோடுதான் இருக்கிறார், இப்போது அவர்தான் குச்சி கொண்டுவருபவர்களை முதலில் தடுக்கிறார்.

சுழியோடிகள் இருக்கும் இடத்தைக் காட்டும் மிதவை போடாமல் இறங்கியது இரண்டு தடவை நடந்தது. மேலே படகு போகிறது, விளையாட்டில்லை. இனி மிதவையும் கூட இறங்கும் சோடியாளும் இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது.

கரைவலைக்காரருக்கு நம் நன்றி. வலை இழுக்கும் நாளை முன்கூட்டியே சொல்லி நம்மைக் காப்பாற்றினார்கள். வலையில் வந்த கடற்குதிரை ஒன்றை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு, “தம்பி, படம் எடுத்திட்டுக் கெதியா விடுங்கோ” என்று கூப்பிட்டவரும் அவர்களில் ஒருவர்தான். படம் சரியாக வரவில்லை. கடற்குதிரை போய்விட்டது, அதுவே போதும்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சிலிண்டர் நிரப்பும் செலவு கூடியதால் சந்தாவைப் பற்றிப் பேசவேண்டும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சித்திரையில் தண்ணீர் தெளிந்ததும் முதல் இறக்கம் அதே கல்லில்தான். மஞ்சள் நூல்பந்து மறுபடியும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கமரா இல்லாதவர்களும் முகக்கண்ணாடி மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்